பார்வையற்றோரின் எழுத்தையும் பாட்டையும் சேர்த்து வைக்க: சென்னையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பார்வையற்றோரைப் பற்றிய காகிதம் சென்னையில் நிறையவே இருக்கிறது. எழும்பூர் கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. 1872 முதல் 1931 வரை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பார்வையற்றோரைத் தனியாக எண்ணி அட்டவணை போட்டார்கள். பள்ளிகளின் ஆண்டறிக்கைகள், நன்கொடையாளர் பட்டியல்கள், அமைச்சர் கைக்கடிகாரம் வழங்கும் படங்கள் என்று அந்த வரிசை நீளும். எல்லாமே மற்றவர்கள் எழுதியவை. பார்வையற்றோரே எழுதிய கவிதை, விடுதி ஆண்டுவிழாவுக்குப் போட்ட நாடகம், சங்கக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம், மின்சார ரயிலில் பாடச் சொந்தமாகக் கட்டிய பாட்டு, இவையெல்லாம் எந்த நூலகப் பட்டியலிலும் சுலபத்தில் அகப்படாது. அதற்காக அவை இல்லை என்று அர்த்தமில்லை. பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் இருக்கின்றன. போகிக்கு வீடு ஒழிக்கும்போதும் வாடகை வீடு மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

அவற்றைத் தேடிச் சேர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூலகவியல் பட்டம் தேவையில்லை. ஒரு கைப்பேசி, ஒரு சுமாரான கணினி, பொறுமை, இவை போதும். கூடவே, பார்வையற்ற ஒருவரையாவது முதல் நாளிலிருந்து கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் அழைத்துக் காட்டி "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பதற்கு அல்ல. எதை எடுப்பது, எதை விடுவது என்பதை முடிவு செய்வதற்கு.

பழைய கதை ஒன்றைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகலாம். 17-ஆம் நூற்றாண்டில் செங்கல்பட்டுப் பக்கம் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் திருக்கழுக்குன்றப் புராணம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. முதுகில் எழுத்தை எழுதிக் காட்டச் சொல்லிப் படித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அது எப்படியோ, அவர் சொன்னதை யாரோ ஏட்டில் எழுதினார்கள், பின்னால் வந்தவர்கள் பிரதி எடுத்தார்கள், அதனால் தப்பியது. புல்லாங்குழலுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கித் தந்த கும்பகோணம் சரப சாஸ்திரிகளும் பார்வையற்றவர்தான், 1904-ல் இளம் வயதிலேயே போய்விட்டார். அவர் வாசிப்பைச் சீடர் பல்லடம் சஞ்சீவ ராவின் குழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நம் காலத்துப் பார்வையற்ற வயலின் மேதை எம்.சந்திரசேகரனுக்கு அந்தக் கவலை இல்லை. 2005-ல் சங்கீத கலாநிதி வாங்கியவர், நிறைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. சபா மேடை ஏறாதவர்களின் வாசிப்பைத்தான் யாரும் பதிவு செய்வதில்லை.

முதலில், சின்னதாகப் பிடியுங்கள்

"தமிழ்நாட்டுப் பார்வையற்றோர் வரலாறு" என்று பெரிய பெயர் வைத்துக்கொண்டு கிளம்பினால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும். ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒரு மெல்லிசைக் குழு, ஒரு பள்ளியின் ஒரு வகுப்பு, ஒரு சங்கத்தின் பத்து வருடத் துண்டறிக்கைகள். சென்னையில் தேட இடத்துக்குப் பஞ்சமில்லை. பூந்தமல்லி அரசுப் பள்ளி, அடையாறு செயின்ட் லூயிஸ், ஜெமினி பக்கத்தில் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட், இந்த மூன்றிலும் படித்து வெளிவந்தவர்கள் நகரம் முழுக்க இருக்கிறார்கள். மாநிலக் கல்லூரியிலும் லயோலாவிலும் பல தலைமுறையாகப் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். பார்வையற்ற கல்லூரி மாணவர், பட்டதாரிகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அதில் பழைய பொறுப்பாளர் ஒருவரைப் பிடித்தால், மற்ற பத்துப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணோடு சொல்வார். கைப்பேசி எண்களை மனதில் வைத்துக்கொள்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

பள்ளி நிர்வாகத்திடம் முதலில் போவதைவிட முன்னாள் மாணவர்களிடம் முதலில் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். நிர்வாகம் ஆண்டுமலரை எடுத்துக் கொடுக்கும். ஆண்டுமலரில் எல்லோரும் நன்றாகப் படித்தார்கள், எல்லோரும் நன்றியோடு இருந்தார்கள். விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று தட்டைக் கவிழ்த்த நாள் அதில் இருக்காது.

எதைக் கேட்பது? பிரெயில் நோட்டுகள், சொல்லச் சொல்ல மற்றவர் எழுதிய கவிதைகள், கேசட்டில் அனுப்பிக்கொண்ட பேச்சுக் கடிதங்கள், பாடப்புத்தகத்தைத் தன்னார்வலர்கள் படித்துப் பதிந்து கொடுத்த கேசட்டுகள், குழுவின் விளம்பர நோட்டீஸ், வேலை கேட்டு அனுப்பிய மனுக்களின் நகல், 2013-ல் பார்வையற்ற பட்டதாரிகள் சென்னையில் நடத்திய போராட்டத்தின் துண்டறிக்கைகள். தேய்ந்துபோன பிரெயில் சிலேட்டும் குத்தூசியும், கணக்குப் போட்ட டெய்லர் ஃபிரேமும்கூடத்தான். பெரும்பாலும் "அதெல்லாம் ஒன்றுமில்லை சார், பழைய பேப்பர்" என்றுதான் பதில் வரும். பிரெயில் தாள் கனமானது, எடைக்குப் போட்டால் நல்ல காசு. அதனால் கேட்டுவிட்டுத் தள்ளிப் போடாமல், "தூக்கிப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

போய் உட்கார்ந்து பேசும்போது

உள்ளே நுழைந்ததும் பெயரைச் சொல்லுங்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்ற விளையாட்டு வேண்டவே வேண்டாம். அது அவர்களுக்கு எவ்வளவு சலித்துப்போன விஷயம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூட வந்தவரைப் பார்த்து "இவருக்கு டீ வேணுமா?" என்று கேட்காதீர்கள், அவரையே கேளுங்கள். எழுந்து போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். வயதில் மூத்தவர் ஆசிரியராக இருந்தவர் என்றால் ஊரே "சார்", "டீச்சர்" என்று கூப்பிடும், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். மற்றவர்களுக்கு ஐயா, அம்மா, அண்ணே, அக்கா, எது வாயில் வருகிறதோ அது.

ரயிலில் பாடுபவர்களை அணுகுவது தனி விஷயம். அது அவர்களின் வேலை நேரம். தாம்பரம் வண்டியில் பாட்டின் நடுவே போய் மைக்கை நீட்டினால் அன்றைய வருமானம் கெடும். பேசி வைத்துக்கொண்டு வேறொரு நேரத்தில் பதிவு செய்யுங்கள், அதற்கான பணத்தைக் கொடுங்கள். "சேவைக்காகத்தானே செய்கிறோம்" என்பது உங்கள் தரப்பு. அவர் பாடகர், பாடினால் கூலி உண்டு. ஒரே ஒரு சங்கதி: ரயிலில் பாடும் சத்தத்தையும் அவர் சம்மதித்தால் ஒருமுறை எடுத்து வையுங்கள். சக்கரச் சத்தத்துக்கு மேலே குரலை எப்படி ஏற்றுகிறார், எந்த நிலையத்துக்கு முன் சரணத்தை முடிக்கிறார் என்பதெல்லாம் அறைக்குள் எடுக்கும் பதிவில் வராது.

சம்மதம், உரிமை

இதைச் சட்டென்று தாண்டிப் போக ஆசையாக இருக்கும். தாண்டாதீர்கள்.

ஒருவர் நோட்டைக் கொடுத்தால் காகிதம்தான் உங்கள் கைக்கு வருகிறது. கவிதையின் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகளுக்கு வாரிசுகளிடம் இருக்கும். அதனால் எதற்கெல்லாம் அனுமதி என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்: நகல் எடுத்து வைக்கலாமா, ஆய்வாளர்களுக்குக் காட்டலாமா, இணையத்தில் போடலாமா, பெயரோடா, பெயர் இல்லாமலா? சம்மதப் படிவத்தை இரண்டு நாள் முன்னதாகவே அவர் கைப்பேசிக்கு யூனிகோடு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளில் அவரே கேட்டுக்கொள்வார். நேரில் போகும்போது மறுபடி முழுதாக வாசித்துக் காட்டி, அவர் பதிலை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். கையெழுத்துப் போடுபவரிடம் மைப்பெட்டியை நீட்டிக் கைநாட்டுக் கேட்பது அவமானம். எத்தனையோ அலுவலகங்களில் அதை அனுபவித்தவர்கள் அவர்கள்.

மெல்லிசைக் குழுக்களின் கேசட்டில் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான் இருக்கும். பாதுகாக்க வேண்டியதுதான், ஆனால் பொதுவில் ஏற்ற முடியாது, அந்தப் பாட்டுகளின் உரிமை வேறு இடத்தில் இருக்கிறது. பாடியவருக்கும் தன் பாடலின் மேல் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று தனியாக உண்டு. பாட்டுக்கு நடுவே அடிக்கும் அரட்டையும் சொந்தமாகக் கட்டிய பாட்டும்தான் நமக்குப் புதையல்.

உங்களுக்குச் சாதகமாக ஒரு சட்டமும் இருக்கிறது. 2012-ல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அச்சில் படிக்க முடியாதவர்களுக்காக ஒரு நூலைப் பிரெயிலாகவோ ஒலியாகவோ மின்னெழுத்தாகவோ மாற்றித் தருவதை, லாப நோக்கம் இல்லாதவரை, உரிமை மீறலாகக் கருதுவதில்லை. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கை 2013-ல் வந்தது. அதை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, 2014-ல். ஆகவே பழைய நூல் ஒன்றைப் பார்வையற்ற வாசகருக்காக மாற்றித் தரத் தயங்க வேண்டாம். அதையே எல்லோருக்கும் திறந்து விடுவது வேறு கதை.

பிரெயில் தாள்

சிலேட்டில் வைத்து ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்துவார்கள். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலெழும்பி நிற்கும், இடமிருந்து வலமாக விரலால் படிக்கலாம். எழுத்து முழுவதும் அந்த மேட்டில்தான் இருக்கிறது. மேடு அமுங்கினால் எழுத்து போச்சு. ஆகவே பிரெயில் தாள் கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தக அலமாரியில் நிற்பதுபோல நிமிர்த்தி, இறுக்காமல், சாயாமல் வையுங்கள். ரப்பர் பேண்ட், செல்லோடேப், ஸ்டேப்ளர் பின் எதுவும் கூடாது. மடிப்பு நீக்க இஸ்திரி போடுவது, பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்வது இரண்டும் புள்ளியை நசுக்கிக் கொல்லும் வேலை. ஈரமான தாளை வெயிலில் போடாமல் நிழலில், ஃபேன் காற்றில், தனித்தனியாக உலர்த்துங்கள்.

சென்னைக்கு என்று சில எதிரிகள் உண்டு. கடல்காற்றின் ஈரம், ஐப்பசி கார்த்திகை மழை, கரையான், இராமபாணப் பூச்சி. இரும்பு பீரோ நல்லது. சுவரை ஒட்டாமலும் தரையில் படாமலும் ஓர் அரை அடி தள்ளி வையுங்கள். உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, அது ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். தரைத்தளத்தில் மட்டும் வைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அங்கே யாரையாவது கேளுங்கள்.

படம் எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்கேனர் மூடியை அழுத்தக் கூடாது. கைப்பேசி ஃபிளாஷில் எடுத்தால் வெள்ளைத் தாள் மட்டும்தான் தெரியும், புள்ளி தெரியாது. அறையை இருட்டாக்கி, மேசை விளக்கைத் தாளின் ஒரு பக்கத்தில், தாளின் மட்டத்துக்கே தாழ்த்தி வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிழல் விழும். கைப்பேசியை ஸ்டாண்டில் நேர் மேலே நிறுத்தி எடுங்கள். இருபுறமும் குத்திய தாள் என்றால் மேடும் பள்ளமும் கலந்து தெரியும். விளக்கை எதிர்ப்பக்கம் மாற்றி இன்னொரு படம் எடுத்துக்கொண்டால் பின்னால் பிரித்தறிய முடியும். பக்க எண்ணைப் புள்ளிகளின் மேல் பேனாவால் எழுதாதீர்கள். மூலையில் மெல்லிய பென்சில் போதும்.

அப்புறம், படிப்பது. இப்போது நாம் பயன்படுத்தும் பாரதி பிரெயில், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ல் வந்தது. இந்தியாவில் பார்வையற்றோருக்கான பழைய பள்ளிகளில் ஒன்று பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கியது. அந்தக் காலம் தொட்டு 1951 வரை தமிழுக்கு வேறு குறிமுறை புழங்கியது. ஆகவே மிகப் பழைய கட்டு ஒன்று கிடைத்து, நன்றாகப் படிக்கத் தெரிந்தவரே "இது என்னவோ உளறலாக இருக்கிறதே" என்றால், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுதான் அபூர்வமானது.

பார்வையுள்ள தன்னார்வலர்கள் அட்டவணையைப் பார்த்து எழுத்துக் கூட்டத் தொடங்குவார்கள். இரண்டு விஷயத்தில் தடுக்கி விழுவார்கள். அச்சில் "கெ" என்று கொம்பு முன்னால் வரும், பிரெயிலில் ககரம் முதலில், எகரம் பின்னால். மெய்யெழுத்தின் புள்ளி நமக்கு மேலே இருக்கும், அங்கே எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வரும். இதெல்லாம் பழகிவிடும், ஆனால் தனிப்பட்ட நோட்டில் அவரவர் சொந்தமாகச் செய்துகொண்ட சுருக்கெழுத்து இருக்கும். அதை எழுதியவரோ அவர் வகுப்புத் தோழரோதான் உடைக்க முடியும். லிப்லூயி போன்ற இலவச மென்பொருளில் தமிழ் அட்டவணை உண்டு, தட்டச்சு செய்த பிரெயிலை எழுத்தாக்க அது உதவும். ஆனாலும் மிகச் சிறந்த வழி, பிரெயில் தேர்ந்தவர் ஒருவர் விரலால் படித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல, அதை ஒலிப்பதிவு செய்துவிட்டுப் பிறகு தட்டச்சு செய்வது. தடுமாறும் இடம், "இங்கே புள்ளி தேய்ந்திருக்கு" என்று அவர் சொல்வது, நடுவில் சிரிப்பது, எல்லாம் பதிவில் இருக்கட்டும். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். பிழை இருக்கும் இடத்தில் குறிப்புப் போடலாம்.

படிக்க அனுப்ப வேண்டுமானால் ஒரு சலுகை நினைவில் இருக்கட்டும். பார்வையற்றோருக்கான பிரெயில் கட்டுகளை 7 கிலோ வரை அஞ்சல் கட்டணம் இல்லாமல் அனுப்ப இந்திய அஞ்சல் துறை இடம் தருகிறது. பிரித்துச் சோதிக்கத் தோதாகக் கட்ட வேண்டும், மேலே என்ன எழுத வேண்டும் என்பதை அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூலக் கட்டுகளை மட்டும் அஞ்சலில் அனுப்பாதீர்கள்.

கேசட்

கேசட்தான் அவசரம். பிரெயில் தாள் ஒழுங்காக வைத்தால் இன்னும் ஐம்பது வருடம் தாங்கும். கேசட் அப்படி இல்லை, அதை ஓட்டும் டெக்கும் அதைப் பழுது பார்ப்பவரும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள், நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் டெக்கில் போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் அது பரவும். தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அனுபவமுள்ளவரிடம் காட்டும்வரை ஒதுக்கி வையுங்கள். மற்றவற்றில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு குட்டிப் பிளாஸ்டிக் முனைகளை உடைத்துவிடுங்கள், தெரியாமல் அழிந்துபோகாது. பிறகு ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் கிடந்த நாடாவின் இறுக்கம் சீராகும். உள்ளே பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கலாக வரும். ஸ்குரூ வைத்த வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். டெக்கின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அடிக்கடி துடையுங்கள். பெல்ட், ஒயர், கணினியில் செருகும் யுஎஸ்பி ஆடியோ கருவி எல்லாவற்றுக்கும் ரிச்சி தெருவில் விசாரியுங்கள்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளியே வரும் துளை) கணினிக்கு நேராக ஒயர் போடுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கைப்பேசியில் பதிவது கடைசி வழி. ஒலிப்பதிவு மென்பொருள் ஆடாசிட்டி இலவசம், என்விடிஏ என்ற திரைவாசிப்பானோடு ஓடும், உங்கள் பார்வையற்ற கூட்டாளியே அதை இயக்கலாம். காது விஷயத்தில் அவர் இயக்குவதுதான் நல்லது. வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு மணி நேர ஸ்டீரியோ ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது.

மூலப் பதிவில் இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் போடவே கூடாது. பின்னணியில் ஓடும் ஃபேன், தெருவில் கோலமாவு விற்பவரின் குரல், விடுதி மணி இவையெல்லாம் எப்போது, எங்கே பதிந்தது என்று கண்டுபிடிக்க உதவும் தடயம். சுத்தம் செய்த பிரதி வேண்டுமானால் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள். பாடப்புத்தகக் கேசட்டுகளையும் "பழைய சிலபஸ்தானே" என்று ஒதுக்காதீர்கள். யார் படித்தது, எந்த இடத்தில் "தம்பி, இந்தப் படத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று நிறுத்தியது, இதெல்லாம் வேறெங்கும் பதிவாகவில்லை.

இன்றைய கேசட் வாட்ஸ்அப் குரல்செய்தி. பார்வையற்றோர் குழுக்களில் கவியரங்கம், விவாதம், அந்தாக்ஷரி எல்லாம் குரலில்தான் நடக்கிறது. கைப்பேசி மாறினால் போய்விடும். குழுவில் எல்லோரும் சம்மதித்தால், உரையாடலை ஊடகத்தோடு ஏற்றுமதி செய்து மாதம் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணல்

காலர் மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லி ஒரு பெரியவரை வேகவைக்காதீர்கள், மைக்கை வாய்க்குக் கொஞ்சம் அருகில் குத்தினால் சரியாகிவிடும். தலையாட்டி ஆமோதிப்பது அவருக்குத் தெரியாது. "ம்", "சரி" என்று குறைந்தபட்சம் சத்தம் கொடுங்கள், ஆனால் அவர் பேச்சின் மேல் ஏறாமல்.

"பார்வை எப்படிப் போச்சு?" என்பது முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. அதை வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரெல்லாம் கேட்டிருப்பார்கள், மனப்பாடமான பதில் ஒன்று வந்து விழும். சொல்ல வேண்டும் என்றால் அவராகச் சொல்வார். பெரியம்மையிலும் சத்துக்குறைவிலும் பார்வை இழந்த தலைமுறை அது, கதை தானாக வரும். நீங்கள் கேட்க வேண்டியது அன்றாடம்:

விடுதியில் முதல் ராத்திரி யார் பக்கத்தில் படுத்தீர்கள்?
பரீட்சையில் உங்களுக்காக எழுதியவர் தப்பாக எழுதுகிறார் என்று தெரிந்தால் என்ன செய்தீர்கள்?
நாற்காலி பின்னக் கற்றுக்கொண்டது உங்கள் விருப்பமா, அவர்கள் கொடுத்ததா?
உங்கள் குழுவில் கீபோர்டு யாருடையது, வாங்கப் பணம் எப்படி வந்தது?
எந்த வேலைக்கெல்லாம் மனுப் போட்டீர்கள், என்ன பதில் வந்தது?
முதல் கவிதையை யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்?

வேலையைப் பற்றிய கேள்விக்குக் கூடுதல் நேரம் விடுங்கள். டெலிபோன் ஆபரேட்டர், எஸ்டிடி பூத், இசை ஆசிரியர், வங்கி எழுத்தர், மின்சார ரயிலில் வியாபாரம் என்று நகரத்தின் எத்தனையோ மூலைகள் அதில் திறக்கும். ஊசிமுனையால் தேய்ந்த விரலைக் காட்டினால், என்ன காட்டினார் என்பதை நீங்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கேட்பவருக்கு அந்த விரல் தெரியாது.

கணவன், மனைவி, மகள் என்று கூட இருப்பவர்கள் "அவருக்கு மறந்துபோச்சு, நான் சொல்றேன்" என்று நுழைவார்கள். அவர்களுக்கும் தனியாக ஒருநாள் மைக் கொடுங்கள். அன்றைக்கு வேண்டாம்.

பெயர் வைப்பதும் பட்டியலும்

இங்கேதான் பல நல்ல சேகரிப்புகள் கெட்டுப்போகின்றன. ஸ்கேன் செய்த படத்தையே பிடிஎஃப் ஆக்கிப் போட்டுவிட்டு "ஆவணப்படுத்திவிட்டோம்" என்கிறார்கள். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பார்வையற்றோரின் எழுத்தைப் பார்வையற்றோர் படிக்க முடியாதபடி பாதுகாப்பதில் என்ன பிரயோஜனம்?

ஆகவே ஒவ்வொரு படத்தோடும் தட்டச்சு செய்த எழுத்துக் கோப்பு ஒன்று வேண்டும், யூனிகோடில். 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தட்டச்சு செய்த கவிதைகள் பாமினி, டேப், டாம், டிஸ்கி என்று பழைய எழுத்துருக்களில் இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், திரைவாசிப்பானும் அதையே வாசிக்கும். இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ணகர, றகர இடங்களை ஒருமுறை சரிபாருங்கள். புகைப்படத்துக்கு இரண்டு மூன்று வரி விவரிப்பு எழுதுங்கள்: யார், எங்கே, கையில் என்ன, பின்னால் சுவரில் என்ன. "மகிழ்ச்சியான தருணம்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாதது போலத்தான்.

கோப்புப் பெயரில் ஆண்டு, ஆள், பொருள், வரிசை எண் இருந்தால் போதும், எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கில். பட்டியல் ஒரு சாதாரண விரிதாளாக இருக்கட்டும். வண்ணம் தீட்டிக் குறிப்பது, கட்டங்களை இணைப்பது வேண்டாம், திரைவாசிப்பானில் குழம்பும். எந்தக் கோப்பு யார் சம்மதத்தோடு, எந்த நிபந்தனையோடு வந்தது என்பதற்கு ஒரு பத்தி கட்டாயம்.

பின்னணி தேட

ஆள் சொன்ன கதைக்குக் காகிதத் துணை வேண்டுமானால் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கல்வித் துறையின் பழைய அரசாணைகளில் பள்ளிகளுக்கான மானியம், ஆசிரியர் நியமனம் எல்லாம் கிடைக்கும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1896-லிருந்து இயங்கும் கன்னிமாரா, இரண்டிலும் பழைய இதழ்கள் உண்டு. தேடும்போது இன்றைய சொற்களை மட்டும் போடாதீர்கள். "குருடர்", "அந்தகர்", "கண்ணிழந்தோர்", "விழியிழந்தோர்" என்று அந்தந்தக் காலத்துச் சொற்களையும் போட்டால்தான் பிடிபடும். உங்கள் விவரிப்பில் மட்டும் இன்றைய மரியாதையான சொல்லைப் பயன்படுத்துங்கள், பழைய தலைப்பை மாற்றாமல்.

எங்கே கொடுப்பது

முதல் பிரதி உரியவருக்கு. எம்பி3 ஆக்கி ஒரு பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ போட்டு, அவர் வீட்டு ரேடியோப் பெட்டியில் செருகினால் பாடும்படி கொடுங்கள். பிறகு உங்களிடம் ஒரு ஹார்ட் டிஸ்க், வேறொரு வீட்டில் இன்னொன்று, இணையத்தில் ஒன்று. அனுமதி உள்ளவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் ஏற்றலாம்.

நிறுவனங்களில், 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது. கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து கிட்டத்தில்தான். அதே பகுதியில் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் நடத்துகிறது. ரோஜா முத்தையா நூலகத்திலும் பேசிப் பாருங்கள். போகும்போது பட்டியலையும் சம்மத ஆவணங்களையும் கொண்டு போங்கள், வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் வாங்கத் தயங்குவார்கள். கவிதைகளைத் தொகுத்துப் புத்தகமாக அச்சிட்டால், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாராவுக்கு ஒரு பிரதி போக வேண்டும். இதைச் சுமையாக நினைக்காதீர்கள், இலவசமாகக் கிடைக்கும் நிரந்தர இடம் அது. அந்தப் புத்தகத்தின், பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவத்தை 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் சேர்க்க, அதன் உறுப்பு அமைப்பு ஒன்றின் வழியாக முயலலாம். புதிதாக எழுதுபவர்களை விரல்மொழியர், தொடுகை போன்ற, பார்வையற்றோரே நடத்தும் மின்னிதழ்களுக்கு அனுப்பிவையுங்கள், அங்கே வெளிவருவதும் ஒருவகைப் பாதுகாப்புதான்.

எல்லாம் சேர்ந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். சேகரிப்போடு சம்பந்தமே இல்லாத பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் ஹார்ட் டிஸ்கைக் கொடுத்து, "இன்னாருடைய பாட்டு ஒன்று இதில் இருக்கிறது, கண்டுபிடித்துப் போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எந்தக் கோப்புறையில் திரும்பிப் போகிறார், எந்தப் பெயரைத் திரைவாசிப்பான் உளறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரத்து வேலை அதுதான்.